ஸ்டேஷனில் ஆள் இல்லை என்றால் சட்டமன்றத்தில் கேட்கலாமா?

எங்கள் தெருவில் மூன்று மாதத்துக்குள் இரண்டு செயின் பறிப்பு. இரண்டாவது முறை பறிகொடுத்தவர், விடியற்காலையில் கோலம் போட வெளியே வந்த எதிர்வீட்டு அக்கா. கழுத்தில் சிவந்த தடத்தோடு அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம். ரைட்டர் பொறுமையாகத்தான் எழுதிக்கொண்டார். "ராத்திரி ரோந்துக்கு ஆள் இல்லைங்க. இருக்கிற ரெண்டு பேரும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க" என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "ஆள் இல்லேன்னா, ஆள் போடுங்கன்னு யாரு கேக்கறது? எங்க போய்க் கேக்கறது?"

நானும் அன்றைக்கு "என்னத்தக் கேட்டு என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அக்கா கேட்டதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. கேட்க வேண்டியவர் அவருடைய சட்டமன்ற உறுப்பினர். கேட்க வேண்டிய இடம் சட்டப்பேரவை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் காவல்துறையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர்; தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது முதலமைச்சரேதான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 164ஆவது பிரிவு, மாநில அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. போலீஸ் வைத்திருக்கும் அதிகாரம் லேசுப்பட்டதல்ல. ஒருவரைப் பிடித்து அடைக்கலாம், வீட்டைச் சோதனை போடலாம், சில நேரம் துப்பாக்கியும் எடுக்கலாம். அவ்வளவு அதிகாரத்தை ஓர் அரசிடம் ஒப்படைத்துவிட்டு, அதைக் கேள்வி கேட்கும் வேலையைத்தான் 234 பேரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

முதலில், எந்த அவையில் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஊரில் குற்றம் கூடிவிட்டது என்று எம்.பி.யிடம் மனு கொடுப்போம். அவரும் நல்ல மனதோடு மக்களவையில் கேட்பார். உள்துறை அமைச்சகத்திலிருந்து வரும் பதிலின் முதல் வரி கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பொருள்கள். நாடாளுமன்றப் பதில்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். இது பொய்யில்லை. மாநிலப் பட்டியலில் முதலாவது பொது ஒழுங்கு, இரண்டாவது காவல்துறை, நான்காவது சிறை. ஸ்டேஷனில் எத்தனை பேர், எந்த ஊருக்கு எந்த இன்ஸ்பெக்டர், எந்தச் சிறையில் எவ்வளவு நெரிசல் என்பதெல்லாம் சென்னையில் கேட்க வேண்டியவை. டெல்லியில் கேட்க வேண்டியது வேறு: என்.ஐ.ஏ., சி.பி.ஐ., மத்தியப் படைகள், நாடு முழுவதற்குமான குற்றச் சட்டங்கள், உயர் நீதிமன்ற நீதிபதிகள் நியமனம், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் போன்றவை. உள்துறைக் கேள்விகள் மக்களவையில் செவ்வாய்க்கிழமையும் மாநிலங்களவையில் புதன்கிழமையும் வரும்.

சரி, கேள்வி எப்படி அவைக்குள் போகிறது? மக்களவையை எடுத்துக்கொள்வோம், அங்கே விதிகள் தெளிவாக இருக்கின்றன. உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். வருகிற கேள்விகள் ஏராளம் என்பதால் குலுக்கல் முறையில் வரிசை போடுவார்கள். நட்சத்திரக் குறியிட்டவை ஒரு நாளைக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியிடாதவை 230, அவற்றுக்கு எழுத்தில் பதில். தமிழ்நாடு சட்டப்பேரவைத் தமிழில் இவற்றை உடுக்குறியிட்ட வினா, உடுக்குறியிடாத வினா என்பார்கள். உடு என்றால் நட்சத்திரம். நல்ல சொல்.

நட்சத்திரத்தின் மதிப்பு துணைக் கேள்வியில் இருக்கிறது. எழுதிக்கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாகச் செதுக்கிப் பதில் தயாரித்துத் தந்துவிடுவார்கள். அதை அமைச்சர் படித்ததும், கேட்டவர் எழுந்து அந்தப் பதிலை வைத்தே இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். பிறகு மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். இதற்கு முன்கூட்டி எழுதிய தாள் கிடையாது. அதிகாரிகள் மாடத்திலிருந்து சீட்டு வரும் முன்பே வாய் திறந்தாக வேண்டும். துறையைப் படித்து வைத்திருக்கும் அமைச்சர் யார், தாளைப் படிக்கிற அமைச்சர் யார் என்று அந்த நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகள்தான் இப்படி வாய்மொழிக்கு வரும். மீதிக்கு எழுத்துப் பதிலோடு சரி.

இந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் 1892 இந்தியக் கவுன்சில்கள் சட்டம்தான் இந்தியச் சட்டசபையில் கேள்வி கேட்கவே அனுமதித்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா மகாராஜா கேட்டதுதான் முதல் கேள்வி. சுற்றுப்பயணம் வருகிற அரசு அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுக்கச் சொல்லிக் கிராமத்துக் கடைக்காரர்கள் படுத்தப்படுகிறார்களே என்று கேட்டார். அரசு கொடுத்த பதிலின் மேல் மறுகேள்வி கேட்கும் உரிமை 1909 சீர்திருத்தத்தில்தான் கிடைத்தது. அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும். எல்லா உறுப்பினர்களுக்கும் அது வந்தது 1919க்குப் பிறகு. ஆள்பவர்கள் எதைக் கடைசிவரை கொடுக்கத் தயங்கினார்கள் என்று பார்த்தாலே எது உறைக்கும் கேள்வி என்று தெரிகிறது.

கேள்வியை எழுதுவதும் ஒரு கலை. மக்களவை விதி 41, கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், அதில் வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் விசாரணையில் இருப்பதைத் தொடக் கூடாது என்கிறது. எதிர்வீட்டு அக்காவின் மனக்குறையை அப்படியே எழுதினால், "காவல்துறை தூங்கிக்கொண்டிருப்பதால்தான் செயின் பறிப்பு நடக்கிறதா?" என்று வரும். முதல் பார்வையிலேயே தள்ளுபடி ஆகிவிடும். தப்பித்தவறி அனுமதித்தாலும் "இல்லை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"(அ) இன்ன காவல் நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? (ஆ) அவற்றுள் இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை எத்தனை, அயல்பணியில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? (இ) கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த எல்லையில் பதிவான நகைப் பறிப்பு வழக்குகள் ஆண்டுவாரியாக எத்தனை, நகை மீட்கப்பட்டவை எத்தனை? (ஈ) காலியிடங்கள் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும்?"

இதில் யாரையும் ஒரு சொல் வையவில்லை. ஆனால் நான்குக்கும் பதில் வந்துவிட்டால் அக்கா கேட்டதற்கு விடை கிடைத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது (ஆ)வில் இருக்கிற "அயல்பணி". ஒப்பளித்தது 40, இருப்பது 36 என்று ஏட்டில் நன்றாகத்தான் இருக்கும். அந்த 36இல் பாதிப் பேர் பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி, அதிகாரி அலுவலகம் என்று பிரிந்து போயிருப்பார்கள். அதைத் தனியாகக் கேட்காவிட்டால் தனியாகச் சொல்ல மாட்டார்கள். நல்ல கேள்வி எப்போதும் எண்ணையும் தேதியையும் பிடித்துக்கொள்ளும். எண்ணைக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஒப்பிடலாம். கொடுக்காவிட்டால், கொடுக்கவில்லை என்பதே பதிவாகிவிடும்.

ஓர் எண் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் உள்துறை இணை அமைச்சர் கிஷன் ரெட்டி எழுத்தில் கொடுத்த பதிலில், 2016 முதல் 2019 வரை ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர் என்று இருந்தது. ஜாமீன் கிடைப்பதே குதிரைக்கொம்பான சட்டம் அது. கைதான வருஷமும் தீர்ப்பு வருகிற வருஷமும் ஒன்றாக இருக்காது, அதனால் இரண்டையும் நேராக வகுத்து விகிதம் சொல்வது சரியில்லை. இருந்தாலும் இந்த இரண்டு எண்களும் வந்தபின் விவாதத்தின் தரம் மாறியது. அதுவரை ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் அவரவர் நம்பிக்கையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு இருவருமே அரசு வாயால் சொன்ன எண்ணிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

நழுவும் பதில்களைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் முக்கியம். "இத்தகவல் மத்திய அளவில் தொகுக்கப்படுவதில்லை" என்று ஒரு பதில் அடிக்கடி வரும். அந்தப் பிரச்சினையை அரசு எண்ணிப் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம், அதுவே பெரிய செய்திதான். "பரிசீலனையில் உள்ளது" என்றால் தேதி கேட்க வேண்டும். "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்றால் சந்தோஷப்படலாம், ஏனென்றால் அது உறுதிமொழிக் கணக்கில் சேர்ந்துவிடும். அமைச்சர்கள் இப்படி அவையில் கொடுத்த வாக்கையெல்லாம் பட்டியல் எடுத்துத் துரத்துவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மக்களவையில் 1953லிருந்து இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. நம் சட்டப்பேரவையில் அதற்குப் பெயர் அரசு உறுதிமொழிக் குழு. மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்வார்கள். உள்ளூர்ப் பக்கச் செய்தியில் ஒரு மூலையில் வரும். அந்த மூலையைப் படிக்கிற பழக்கம் எனக்கு இப்போது வந்துவிட்டது.

இந்த விஷயத்தில் என்னை உலுக்கியது ஒரு பழைய கதை. நம் ஊர்க் கதைதான், ஆனால் கேள்வி கேட்கப்பட்ட இடம் லண்டன்.

1850களில் சென்னை மாகாணத்தில் போலீஸ் என்று தனித்துறை கிடையாது. வரி வசூலிக்கிற தாசில்தாரும் அவரது சேவகர்களுமே போலீசும். வரி பாக்கி வைத்தவனையும் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்தவனையும் ஒரே ஆள் விசாரிப்பார், ஒரே விதமாக விசாரிப்பார். கிட்டி என்று ஒரு கருவி உண்டு. இரண்டு மரக்கட்டைகளை ஒரு முனையில் பிணைத்திருப்பார்கள். நடுவில் விரலை வைத்து இறுக்குவார்கள், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. அண்ணாந்தாள் என்று இன்னொன்று. ஆளைக் குனிய வைத்து, கழுத்திலிருந்து கால்விரலுக்குக் கயிற்றையோ அவன் கட்டியிருந்த துணியையோ போட்டுக் கட்டி, மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்துவது. இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் ஆங்கில எழுத்தில் பிரிட்டிஷ் அரசு அறிக்கைக்குள் போய் உட்கார்ந்தன. அது எப்படி நடந்தது என்பதுதான் கதை.

சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வியாபாரி இருந்தார். சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவர், 1852இல் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அந்தச் சங்கம் மாகாணத்து மக்களின் குறைகளை எழுதி லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 1853இல் டேன்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் எம்.பி. நேரில் பார்க்க வந்தபோது, செட்டி அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போனார். விவசாயிகள் தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். 1854 ஜூலையில் லண்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் சென்னை மாகாண நிலவரி பற்றிய விவாதம் வந்தது. வரி வசூலுக்குச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அவைக்குள் எழுந்தது. அப்போது இங்கே ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி தரப்பில் இருந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். மறுத்ததும் அவைப் பதிவில் ஏறியது. பதிவில் ஏறிவிட்டதால் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமர்ந்தது. புகார் வாங்கக் கொடுத்த அவகாசம் மூன்றே மாதம். வந்தவை 1,959 புகார்கள். அவற்றில் 519 பேர் நேரில் வந்து சொன்னவர்கள். சேவகனைப் பார்த்தாலே நடுங்கிய காலத்தில், அந்தச் சேவகனைப் பற்றிப் புகார் சொல்ல எங்கெங்கிருந்தோ சென்னைக்கு வந்து நின்ற அந்த 519 பேரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. 1855இல் வந்த அறிக்கை, சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. கீழ்நிலை உள்ளூர் ஊழியர்கள் மேல் பழியை வைத்து வெள்ளை அதிகாரிகளைப் பெரும்பாலும் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வரி வேலையும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது அதில் உறுதியானது. 1859இல் தனிப் போலீசுக்குச் சட்டம் வந்தது. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859 என்ற பெயரில் நம் சட்டப் புத்தகத்தில் நீடித்து வருவது அந்தச் சட்டம்தான். ஆக, நம் ஊர் ஸ்டேஷன் தாலுகா அலுவலகத்திலிருந்து தனியாகப் பிரிந்து வந்ததற்குப் பின்னால் ஓர் அவையில் எழுந்த கேள்வியும், அதற்கு வந்த மறுப்பும் இருக்கின்றன.

மறுப்பு பதிவில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 170 வருஷம் பின்னால் போக வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் வாகனச் சோதனையில் பிடிபட்ட 25 வயது இளைஞர் ஒருவர் மறுநாள் போலீஸ் காவலில் இறந்தார். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி பேரவையில் கவன ஈர்ப்பு, அதாவது அவசரமான ஒன்றை எழுப்பி அமைச்சரிடம் பதில் கேட்கும் தீர்மானம், கொண்டுவந்தார். அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் பதில் சொல்லும்போது, அந்த இளைஞருக்கு வாந்தியும் வலிப்பும் வந்ததாகவும் மருத்துவமனையில் இறந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டதாகவும் விவரித்தார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. பிறகு உடற்கூறாய்வு அறிக்கையில் 13 காயங்கள் என்று வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் மறுபடியும் எழுந்தார்: அன்றைக்கு அவையில் சொன்னதும் இன்றைக்கு அறிக்கையில் இருப்பதும் பொருந்தவில்லையே? மே முதல் வாரத்தில் முதல்வர் அதே அவையில், அது கொலை வழக்காக மாற்றப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார்.

இதில் எந்தக் கட்சி ஜெயித்தது என்று பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. போலீஸ் எழுதிக்கொடுத்ததை நம்பி அவையில் ஒரு பதில் படிக்கப்பட்டது. அது பதிவில் இருந்ததால்தான் இரண்டாவது தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. முதல் பதிலே இல்லாமல் இருந்திருந்தால், எதை மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்?

ஆட்சி மாறினாலும் இது இப்படியேதான். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி, ஊடகங்கள் வழியாகத்தான் தமக்கே தெரிய வந்தது என்று வெளியே சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் பேரவையில் வைக்கப்பட்டபோது, அது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் கொடுத்துவந்தார்கள் என்று அதில் இருந்தது. இப்படிப்பட்ட அறிக்கையை, எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்க வேண்டும் என்கிறது 1952 விசாரணை ஆணையச் சட்டம். அவையில் வைத்துவிட்டால் அது யார் வேண்டுமானாலும் படிக்கும் ஆவணம். வைக்காத வரை அது ஏதோ ஓர் அலமாரியில் தூங்கும் காகிதம்.

கேள்வி நேரம் தவிர இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. கேள்வி நேரம் முடிந்ததும் வரும் நேரமில்லா நேரத்தில் அவசரமானதை எழுப்பலாம். கவன ஈர்ப்பைப் பார்த்துவிட்டோம். எல்லாவற்றிலும் பெரியது மானியக் கோரிக்கை. வருஷத்துக்கு ஒருமுறை, காவல்துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு அவையிடம் கேட்கும் நாள் அது. தமிழ்நாட்டில் காவல்துறைக்கு 22ஆம் எண் கோரிக்கை. அந்த நாளில் போலீஸ் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் கேட்ட பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமும் கொடுக்கலாம். கூடவே துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். தமிழில் வரும் அந்தப் புத்தகத்தில் கொலை எத்தனை, கொள்ளை எத்தனை, எத்தனை பேரைத் தேர்வு செய்தார்கள், எத்தனை கேமரா வைத்தார்கள் என்றெல்லாம் இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டிவி விவாதம் பார்க்கிற ஒரு மணி நேரத்தில் அதைப் புரட்டிவிடலாம்.

நீதித்துறை பற்றி மட்டும் ஒரு வரம்பு உண்டு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தம் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றி எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்க முடியாது. ஆனால் நீதிமன்றங்களில் எத்தனை இடம் காலி, கட்டடம் ஏன் இல்லை, எத்தனை வழக்கு தேங்கியிருக்கிறது என்று அமைச்சரிடம் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாத மனிதர்கள், நான்கில் மூன்று பேர். இவர்களில் பலருக்கு வக்கீல் வைக்க வழி இல்லை. இவர்களுக்காக அவையில் எழுந்து நின்றால் ஓட்டும் அதிகமாகாது. அப்படியும் எழுகிற உறுப்பினர் யார் என்று நான் கவனித்து வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்காத நாள்களும் நிறைய. அமளியில் கேள்வி நேரமே காணாமல் போகும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் வந்தது. அதாவது, துணைக் கேள்வி போச்சு. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இன்று அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களும் அந்த நாள்களில்தான் நிறைவேறின. எஃப்.ஐ.ஆர். எப்படி, ஜாமீன் எப்படி, போலீஸ் காவல் எத்தனை நாள் என்று ஒவ்வொரு குடிமகனையும் தொடுகிற சட்டங்கள் அவை. கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் வெளியே நின்ற வேளையில் அவை வந்தது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். இன்னொரு வகைக் கேடும் நடந்திருக்கிறது. 2005இல் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்டதற்காக 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். நம் பெயரில் கேட்க வேண்டிய கேள்வியை விலை பேசியவர்கள்.

இப்போது எதிர்வீட்டு அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அந்த (அ), (ஆ), (இ), (ஈ)யை ஒரு முழுத்தாளில் எழுதி, தெருவில் 30 பேரிடம் கையெழுத்து வாங்கி, தொகுதி அலுவலகத்தில் கொடுத்தோம். மேலே ஒரே ஒரு வரி சேர்த்தோம்: "இவற்றை வரும் கூட்டத்தொடரில் வினாவாகக் கொடுத்து உதவ வேண்டுகிறோம்." ரோந்து வேண்டும் என்று மனு கொடுத்திருந்தால் அதை ஸ்டேஷனுக்கே அனுப்பியிருப்பார்கள், அது ரைட்டர் மேஜைக்கே திரும்பி வந்திருக்கும். வினா கொடுங்கள் என்று கேட்டதும் அங்கிருந்த உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். "இப்படி யாரும் எழுதிக் கொண்டுவர மாட்டாங்க" என்று சொல்லி, தாளை ஃபைலில் போடாமல் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார்.

2022 ஜனவரி முதல் நம் பேரவையின் கேள்வி நேரத்தை நேரலையில் காட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். கூட்டத்தொடர் தொடங்கியதும் அக்கா வீட்டில் காலையில் சீரியல் கிடையாது, பேரவைதான். "நம்ம கேள்வி வந்துச்சான்னு பாக்கறேன்" என்கிறார். வாய்மொழியில் வராவிட்டாலும் எழுத்துப் பதிலாக வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் வழி பிறக்காவிட்டால், காவல்துறை மானியக் கோரிக்கை வருகிற நாளுக்கு முன்னால் அதே தாளை இன்னொரு பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவு. கையெழுத்து இந்த முறை 50 ஆகியிருக்கிறது.